கரோனர் பதவிக்கு ஒரு மருத்துவர் ஏன் தேர்தலில் நிற்கிறார்?

நன்றாகச் சம்பாதிக்கும் ஒரு மருத்துவர், பிணவறையைக் கவனிக்கும் பதவிக்காக வீதி வீதியாகப் போய் வாக்குக் கேட்பது எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நியூ ஆர்லியன்ஸில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த நகரத்து வாக்காளரும்கூட. எனவே, எனக்குத் தெரிந்த இந்த ஊர்க் கதையைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

சந்தேகத்துக்குரிய மரணங்களின் காரணத்தை விசாரித்து முடிவு செய்பவர்தான் கரோனர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தப் பதவிக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஈமச்சடங்கு நிலையம் நடத்துபவர்களும், ஓய்வுபெற்ற காவலர்களும், செவிலியர்களும் போட்டியிட்டு வெற்றி பெறுகிறார்கள். மாவட்டம் போன்ற கவுன்டிகளைப் பாரிஷ் என்று வழங்கும் எங்கள் மாநிலமான லூயிசியானாவிலோ, போட்டியிட மருத்துவர் எவரும் முன்வராத பாரிஷ்களைத் தவிர மற்ற இடங்களில், கரோனர் மருத்துவராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குக் காரணம் உண்டு. இங்கே அவருடைய வேலை இறந்தவர்களோடு முடிவதில்லை. மனநிலை குலைந்து, தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக்கூடிய நிலையில் ஒருவர் எங்கள் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டால், மருத்துவர் எழுதும் சான்றிதழின்படி அவரை 72 மணி நேரம் மட்டுமே வைத்திருக்க முடியும். அதற்குள் கரோனரோ அவருடைய துணை மருத்துவரோ பரிசோதித்துக் கையெழுத்திட்டால்தான் 15 நாள் வரை சிகிச்சையைத் தொடரலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்கும் பொறுப்பும் அந்த அலுவலகத்தையே சேர்ந்தது.

எங்கள் நகரின் கரோனராக நெடுங்காலம் இருந்த ஃபிராங்க் மின்யார்ட் இந்தப் பதவியைத் தேடி வந்த வழி இதிலிருந்தே புரியும். 1929இல் இந்நகரில் பிறந்த அவர் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவர். வசதியான வாழ்க்கை அமைந்த பிறகு, 1960களின் இறுதியில், ஏழைகளிடையே பணியாற்றிய ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியோடு சேர்ந்து, ஹெராயின் போதைக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்து மீட்கும் வேலையில் இறங்கினார். சிறையில் தவித்துக் கிடந்தவர்களுக்கும் அந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது, அப்போதிருந்த கரோனர் மறுத்துவிட்டார். அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்ற மின்யார்ட் முதல் முறை தோற்றார். 1973இல் வென்று, 1974 முதல் 2014 வரை நாற்பது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அவரை இழுத்து வந்தது உயிரோடு இருந்தவர்களின் துயரம்தான். அது உண்மையான அக்கறை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ட்ரம்பெட் வாசித்து, தொண்டுக் காரியங்களுக்கு நிதி திரட்டி, ஊரே விரும்பும் மனிதராக அவர் வாழ்ந்தார். 2005இல் கத்ரீனா புயலில் நகரம் மூழ்கியபோது, எழுபது வயதைக் கடந்திருந்த அவர் நீதிமன்றக் கட்டடத்தில் சில நாட்கள் சிக்கிக்கொண்டார். பிறகு செயின்ட் கேப்ரியல் என்ற ஊரில் அமைத்த தற்காலிகப் பிணவறையில் நூற்றுக்கணக்கான உடல்களை அடையாளம் காணும் பணி அவர் பொறுப்பில் வந்தது.

ஆனால், நல்ல நோக்கம் மட்டும் இந்தப் பதவிக்குப் போதாது என்பதையும் அவருடைய காலமே காட்டுகிறது. இறப்புச் சான்றிதழில் மரணத்தின் தன்மையைக் குறிக்க ஐந்து வகைகள் இருக்கின்றன: இயற்கை, விபத்து, தற்கொலை, பிறர் செயலால் நேர்ந்தது, தீர்மானிக்க இயலாதது. எதைக் குறிப்பது என்பது கரோனரின் முடிவு; காப்பீட்டுத் தொகையும், வழக்கின் போக்கும், ஒரு குடும்பத்தின் நிம்மதியும் அதை நம்பி நிற்கின்றன. புயலுக்குச் சில நாட்களுக்குப் பின், செப்டம்பர் 2ஆம் தேதி, நகரின் அல்ஜியர்ஸ் பகுதியில் ஹென்றி குளோவர் என்பவரை ஒரு காவலர் சுட்டார். இன்னொரு காவலர் அவருடைய உடலைக் காரோடு சேர்த்து எரித்தார். மின்யார்டின் அலுவலகம் அந்த மரணத்தைப் பிறர் செயலால் நேர்ந்ததாக வகைப்படுத்தவே இல்லை. அவருக்குப் பின் வந்த மனநல மருத்துவர் ஜெஃப்ரி ரூஸ்தான் 2015இல் அதைத் திருத்தினார். சுட்டவர் 2013இல் மறுவிசாரணையில் விடுவிக்கப்பட்டிருந்தார். ஆனாலும் திருத்தம் செய்ய அது தடையாகவில்லை. யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. இன்னொருவர் கையால் இந்த உயிர் போனதா என்பதை மட்டுமே கரோனர் சொல்கிறார். அதைச் சொல்லப் பத்தாண்டுகள் ஆனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஆகவே, ஒரு வேட்பாளர் தம் பின்னணியைச் சொல்லும்போது நான் இரண்டு விஷயங்களைக் கவனிக்கிறேன். முதலாவது, மனநோயாளிகளுக்கான சான்றிதழ் இரவிலும் விடுமுறை நாளிலும் தாமதமின்றிக் கிடைக்க எத்தனை துணை மருத்துவர்களை நியமிப்பார் என்பது. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் வாக்குறுதி மட்டும் கொடுப்பவரை நான் நம்புவதில்லை. இரண்டாவது அதைவிட முக்கியமானது. காவலில் இருந்த ஒருவர் இறந்தால், காவல்துறை கொடுக்கும் விவரத்தோடு நிறுத்திக்கொள்வாரா, தம் விசாரணையாளர்களை அனுப்பி, மரணக் காரணத்தைக் கண்டறியும் தடயவியல் நோய்க்குறியியலில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்து, அறிக்கையைக் குடும்பத்தினரிடம் நேரில் விளக்குவாரா என்று கேட்டுப் பாருங்கள். காவல்துறை சங்கத்தின் ஆதரவைப் பெருமையாக விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் வேட்பாளரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.