தண்ணீர் ஊற்றியும் பால்கனிச் செடியின் இலை ஓரம் ஏன் கருகுகிறது?

இது காற்றுக் கருகல். இலையின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரை அடுக்குமாடிகளில் வடகிழக்குக் காற்று வீசும் நாளில், வேர் அனுப்புவதைவிட இலை இழக்கும் நீர் அதிகம். இலை ஓரத்துக்குத்தான் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும். அதனால் அங்கேதான் முதலில் காயும். கொடியில் போட்ட ஈரத்துணி வெயில் இல்லாமலே காற்றில் சட்டென்று உலருமே, அதேதான். என் மிளகாய்ச் செடியில் இலை ஓரம் பழுப்பாகி அப்பளம் போல நொறுங்கியது; மண்ணில் விரல் விட்டால் நல்ல ஈரம்!

இதற்கு வழி: ஆழமான தொட்டி, மண்ணின் மேலே காய்ந்த இலை மூடாக்கு, பால்கனிக் கம்பியில் நிழல்வலை. அப்புறம், இலையில் படிந்த கடல் உப்பைக் கழுவிவிடுங்கள்.

பலகை வைத்து முழுசாக அடைத்தால் காற்று நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காற்று பலகைக்கு மேலே ஏறிச் சுழன்று உள்ளேதான் விழும், பாதிக் காற்றை விடும் வலைதான் வேகத்தைக் குறைக்கும்.