உயிர்ச்சிமிழுக்கு எந்த உலோகம்? இறவா மந்திரவாதி பற்றிக் கேள்வி பதில்

மாயக்கதை எழுதுபவர்கள் கேட்டவை இவை. செத்த பிறகும் உயிரை ஒரு சிமிழில் பூட்டிவைத்து, எலும்பாக நடமாடும் மந்திரவாதியை ‘லிச்’ என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் பிணம் என்று பொருள். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்த நம் மந்திரவாதிக்கு இவன் பங்காளி.

கேள்வி: சிமிழை யுரேனியத்தில் செய்து பச்சையாக ஒளிரவிடலாமா?

பதில்: யுரேனியம் ஒளிராது. புதிதாக அறுத்த முகம் வெள்ளிபோல மின்னும், காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். யுரேனியம் கலந்த கண்ணாடிதான் புறஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். பழைய கடிகார முட்களில் இருந்த பச்சை, ரேடியம் என்ற கதிரியக்க உலோகத்தோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு தந்தது. சில பத்தாண்டுகளில் அந்தச் சல்ஃபைடு சிதைந்து ஒளி மங்கிவிடும். ரேடியம் மட்டும் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: அப்படியானால் எந்த உலோகம்?

பதில்: அரை ஆயுட்காலத்தை, அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பொலோனியம்-210 வெறும் 138 நாள். பத்து வருடத்தில் சுமார் 9 கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். யுரேனியம்-238 சுமார் 447 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் கதிர்வீச்சு மிகவும் பலவீனம். நடுவில் நிற்கிறது ரேடியம்-226: 1,600 ஆண்டு, ஒரு கிராமில் நொடிக்கு 3,700 கோடி சிதைவுகள். 800 ஆண்டில் 71 சதவீதம் இருக்கும், 4,800 ஆண்டில் எட்டில் ஒரு பங்கு. லிச்சின் பலத்தை இந்தக் கணக்கிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். அவன் ஏன் 5,000 ஆண்டு கழித்துப் புதுச் சிமிழ் தேடி அலைகிறான் என்று தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: ரேடியத்தில் மோதிரம்?

பதில்: முடியாது. காற்றில் கறுத்துவிடும், தண்ணீர் பட்டால் வினைபுரிந்து ஹைட்ரஜன் வெளிவிடும். உப்பாக்கி, கண்ணாடிக் குழாயில் போட்டு வாயை உருக்கி மூடுங்கள். நாளாக ஆகக் கண்ணாடியே ஊதாவாகவோ பழுப்பாகவோ மாறும். கதாநாயகியின் கண்ணில் முதலில் படவேண்டியது அந்த நிறம்தான்.

கேள்வி: அவள் அதை மடியில் முடிந்துகொண்டு ஓடலாமா?

பதில்: ஓடலாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து அந்த இடத்தில் தோல் சிவந்து புண்ணாகும். 1901-ல், கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த பெக்கரெலுக்கு, சட்டைப் பையில் ரேடியம் வைத்திருந்ததால் இதுதான் நடந்தது. காரீயப் பெட்டியில் எடுத்துப் போகிறாள் என்றால் எடையைக் கவனியுங்கள். ரேடியத்தின் காமாக் கதிர் பாதியாகக் குறையச் சுமார் ஒன்றரை செ.மீ. காரீயம் வேண்டும், ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய 15 செ.மீ. எல்லாப் பக்கமும் அப்படி வார்த்தால் 30 செ.மீ. கனசதுரம், 300 கிலோவுக்கு மேல். மாட்டுவண்டி இல்லாமல் நகராது.

கேள்வி: கதிர்வீச்சு லிச்சையே கொல்லாதா?

பதில்: மனிதரைக் கொல்வது, பிரிந்து பெருகும் செல்கள் அடிபடுவதால்: எலும்பு மஜ்ஜை, குடலின் உட்படலம். முழு உடலுக்கும் 4, 5 கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) பட்டு, சிகிச்சையும் இல்லையென்றால் பாதிப்பேர் பிழைக்கமாட்டார்கள். லிச்சிடம் பெருகும் செல்லே கிடையாது. ஆனால் மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் 25,000 கிரே அளவைத் தாண்டினால் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் அறுபட்டு, எலும்பு நொறுங்கும் பதத்துக்கு வரும். ஓங்கி அடித்தால் வளையாது, பட்டென்று முறியும். மந்திரச் சுவடிக்கும் இதே கதி, செல்லுலோஸ் சங்கிலி அறுந்து ஓரம் உதிரும். சிமிழைத் தன் அருகிலேயே வைத்துக் காக்கிறவன் மெல்லத் தன்னையே பொடியாக்கிக்கொள்கிறான். எழுத்தாளருக்கு இதைவிட நல்ல வரம் கிடைக்காது.

கேள்வி: சிமிழை உடைத்தால் என்ன ஆகும்?

பதில்: உடைக்கவே தேவையில்லாமல் போகலாம். ஒரு கிராம் ரேடியமும், அது சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல் தனிமங்களும் ஆண்டுக்குச் சுமார் 0.2 மி.லி. ஹீலியம் தரும். நூறு வருடத்தில் சுமார் 20 மி.லி. சின்னக் குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். உப்பைச் சரியாக உலர்த்தாமல் மூடியிருந்தால் ஈரமும் ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிளந்து சேரும். குழாய் வெடித்தால் உப்புத்தூளோடு, ரேடியம் சிதைந்து உண்டான ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் வெளியேறும். அது சிதைந்து உண்டாகும் துகள்கள் தூசியில் ஒட்டிக்கொள்ளும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அறையைத் திறப்பவள் ஈரத்துணியை மூக்கில் கட்டட்டும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கட்டும்.