கேள்வி - பதில்: ஆறு பேரைச் சேர்த்தால் ஜெயிக்கலாமா?

கேள்வி: நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் ஐடி போட்டு (விற்பனையாளராகப் பதிந்து) எட்டு மாதம் ஆகிறது. சோப்பு, லிக்விட், சத்து பவுடர் என்று மாதம் 6,000 ரூபாய்க்கு விற்கிறேன். எம்.ஆர்.பி.யில் எனக்கு 20 சதவீதம் நிற்கும். வாங்குபவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். 18,000 ரூபாய் சரக்கு வீட்டில் தேங்கிக் கிடக்கிறது. மகளிர் குழுவில் 50,000 கடன் எடுத்து ஒரே மாதத்தில் பர்சேஸ் போட்டால் அடுத்த லெவல், கீழே ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்கிறார் என்னைச் சேர்த்துவிட்ட அப்லைன் அக்கா. செய்யலாமா? (வாசகி, காரிமங்கலம்)

பதில்: குழுக் கடனை எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

50,000 கொடுத்து எடுக்கும் சரக்கு எம்.ஆர்.பி.யில் 62,500. வீட்டில் இருப்பதையும் சேர்த்தால் 80,500. மாதம் 6,000 விற்கும் நீங்கள் இதை விற்று முடிக்கப் பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் நடுவில் புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால். ஆனால் ஐடி 'ஆக்டிவ்' ஆக இருக்க மாதாமாதம் பர்சேஸ் போடச் சொல்வார்கள். லெவலுக்காக எடுக்கும் சரக்கில் லெவல் ஏறக் கணக்கில் வரும் பாயிண்ட் அதிகமுள்ள பவுடர் டப்பாக்கள்தான் நிறைய வரும். வீடுகளில் சீக்கிரம் தீர்கிற பாத்திரம் கழுவும் லிக்விட் வராது. டப்பாவில் காலாவதித் தேதி ஓடிக்கொண்டிருக்கும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாதம் 500 போகும். உங்கள் மொத்த லாபமே இன்று 1,200 தான். தவணை தவறினால் அந்தச் சுமை குழுவில் உள்ள மற்ற பெண்கள் தலையில் விழும்.

அடுத்து அந்த ஆறு பேர். ஆளுக்கு ஆறு பேர் என்றால் 6, 36, 216, 1,296 என்று வளர்ந்து, எட்டாவது படிக்கு மட்டும் 16,79,616 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை, கைக்குழந்தை உட்பட, 15,06,843. கடைசியில் சேர்பவர்களுக்குக் கீழே ஆளே இருக்காது, அவர்கள் போட்ட பணம் முழுக்க நஷ்டம். ஆள் சேர்த்ததற்காகப் பணம் தருவதை 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. விற்ற பொருளுக்குக் கமிஷன் வாங்கலாம், சேர்த்த தலைக்கு வாங்கக் கூடாது. உங்கள் அப்லைன் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் யாரையும் சேர்க்காமல் பொருள் மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு வரும்?" அதற்கு ரூபாயில் பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள்.

பொருள் விற்று எவ்வளவு சம்பாதிக்கலாம்? சொந்தம் அல்லாத, ஐடி போடாத 60 வீடுகள் மாதம் 500 ரூபாய்க்கு வாங்கினால் 30,000. உங்களுக்கு 6,000. பெட்ரோலும் போனும் போக 5,000 நிற்கும். இதை 100 வீடாக உயர்த்தலாம். அதற்கு மேல் ஓர் ஆளால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது எங்கள் கணிப்பு. மேடையில் காட்டும் காரும் வெளிநாட்டுப் பயணமும் இந்தக் கணக்கில் வராது. மாதம் ஐந்தாயிரம், எட்டாயிரம் உங்களுக்கு உதவும் என்றால் மட்டும் தொடருங்கள்.

சொந்தக்காரர்கள் உங்கள் முகத்துக்காக இரண்டு முறை வாங்குவார்கள். மூன்றாவது முறையும் கேட்டு வாங்குபவர்தான் வாடிக்கையாளர். அவரைப் பிடித்துவைக்க ஒரு நோட்டு போதும்: பெயர், பொருள், அளவு, வாங்கிய தேதி, தீரும் தேதி. ஒரு லிட்டர் தரை துடைக்கும் லிக்விட், வாளிக்கு 30 மில்லி வீதம் தினம் ஒரு வாளி என்றால் 33 நாள் வரும். 28-ஆம் நாள் போன் போடுங்கள். 40-ஆம் நாள் போட்டால் அவர் கடையில் வாங்கிவிட்டிருப்பார். அளவு மூடி கொடுத்து எவ்வளவு ஊற்றுவது என்று காட்டிவிட்டு வாருங்கள். அளக்காமல் ஊற்றினால் பத்து நாளில் தீர்ந்து, 'விலை அதிகம்' என்ற பேர்தான் மிஞ்சும்.

திங்கள் ஒரு பக்கம், செவ்வாய் ஒரு பக்கம் என்று ஊரைப் பிரித்துக்கொள்ளுங்கள். 200 ரூபாய் பாட்டில் ஒன்றுக்காகப் பாலக்கோடு போய் வந்தால் கிடைக்கும் 40 ரூபாயைப் பெட்ரோலே தின்றுவிடும். ஐந்து ஆர்டராவது சேரட்டும். வசூலை ஊரின் பணப்புழக்கத்தோடு பொருத்துங்கள்: பால் சொசைட்டி பட்டுவாடா ஆகும் நாள், பட்டுக்கூடு விற்று வரும் நாள், ஓசூர் கம்பெனிகளில் சம்பளம் போடும் வாரம். தக்காளி விலை சரிந்த வாரத்தில் விவசாய வீட்டில் கடனுக்குக் கொடுத்தால் பணமும் வராது, அந்த வீட்டுக்குள் போகவும் கூச்சமாகிவிடும். பழைய பாக்கி வராமல் புதுப் பொருள் கிடையாது என்பதை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

சத்து பவுடர் விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று வாட்ஸ்அப்பில் போடுவது 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். நீங்கள் சொன்னதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் ஆபத்து அவர் உயிருக்கு. நிறுவனம் எழுத்தில் தராத எந்தப் பலனையும் சொல்லாதீர்கள்.

தண்ணீர் ஃபில்டர் விற்கும் எண்ணம் வந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் குடிக்க ஏற்றதல்ல. யூ.வி. ஃபில்டர் கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடை எடுக்காது, ஆர்.ஓ. குறைக்கும். தண்ணீரில் மின்கம்பி விட்டுப் பழுப்பாக்கிக் காட்டுவது வெறும் பயமுறுத்தல். அந்தக் கசடு பெரும்பாலும் கம்பியின் இரும்பு. தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டில் ஃப்ளோரைடைச் சொல்லி விற்கவே வேண்டாம். ஃபில்டர் வேண்டாம் என்று நீங்கள் சொன்ன வீடு உங்களிடம் சோப்பு வாங்கும்.

வீடுகளுக்குப் போகும்போது அடையாள அட்டை வேண்டும், முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்க வேண்டும். இரண்டும் விதியில் உள்ளவை. பில் கொடுங்கள்.

தேங்கிய 18,000 சரக்கை இந்த வாரமே பிரியுங்கள். சீல் உடையாத, காலாவதிக்கு நாள் இருப்பவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் சரக்கைத் திருப்பி எடுக்கும் விதி என்னவென்று படித்து, பில் நகலோடு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்லைன் வழியாக அல்ல, நேரடியாக. புகார் வந்ததை 48 வேலை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2021 விதிகள். அசைவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து வழி கேளுங்கள்.