விமானம் விழுவது பக்கத்து வயலில்: கிளப்புக்கும் நிலத்துக்காரருக்கும் தகராறு வந்தால் என்ன செய்வது?

கேள்வி: சென்னையில் இருபது பேர் சேர்ந்து ஃப்ரீ ஃப்ளைட் மாடல் விமானக் கிளப் நடத்துகிறோம். ரிமோட் கிடையாது. ரப்பர் முறுக்கி விடுகிற விமானங்களும், கயிறு கட்டி இழுத்து ஏற்றுகிற கிளைடர்களும்தான். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கர் தரிசு நிலத்தைப் பயன்படுத்த, ஞாயிறு காலைகளுக்கு மட்டும் வாய்ப்பேச்சில் அனுமதி வாங்கியிருக்கிறோம். நிலத்துக்காரர் அம்பத்தூரில் இருக்கிறார். கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஜூலையில் தன் நெல்வயலில் விழுந்த இரண்டு விமானங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஐயாயிரம் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார். இனி வயலில் கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். நாங்கள் வண்டி கொண்டுபோகும் பாதையில் முள் வெட்டிப் போட்டிருக்கிறார். எங்கள் பொருளை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லையா? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? பாதையை அவர் அடைக்கலாமா?

பதில்: விமானம் உங்களுடையதுதான். ஆனால் அதை எடுக்க அவர் வயலுக்குள் இறங்க உங்களுக்கு உரிமை இல்லை. பணம் கேட்டு அதைப் பிடித்து வைக்க அவருக்கும் உரிமை இல்லை. பயிர் நாசமாகியிருந்தால் நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். பாதை யாருடையது என்பதை வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. காவல் நிலையத்துக்கு இப்போது போகாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது ஒன்று கிடைக்கும். அடுத்த நாளே அவரும் ஒரு புகார் கொடுப்பார்: வயலில் இறங்கினார்கள், கேட்டதற்குத் திட்டினார்கள் என்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவுப்படி வெறுமனே இறங்கியது குற்ற அத்துமீறல் ஆகாது. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணம் இருக்க வேண்டும். ஆனால் அவர் வராதே என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகும் நான்கு கல்லூரிப் பையன்கள் வரப்பேறிப் போனால், எண்ணம் இல்லை என்று விளக்கும் வேலை நடைமுறையில் உங்கள் தலையில் வந்து விழும். தகராறு முற்றி விஷயம் கோட்டாட்சியர் விசாரணைக்குப் போனால், முடியும்வரை யாரும் அந்தப் பக்கம் போக முடியாத நிலைகூட வரலாம். நஷ்டம் உங்களுக்குத்தான். அவர் எப்படியும் அங்கேயேதான் இருக்கப்போகிறார்.

அவர் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் பாருங்கள். பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்க 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அவர் தாத்தா காலத்திலிருந்து தெரிந்த நடைமுறை அது. வானத்திலிருந்து வந்து விழுந்ததையும் அதே கணக்கில்தான் பிடித்து வைத்திருக்கிறார். அந்தச் சட்டம் விமானத்துக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் இதை அவரிடம் சொன்னால் வேலை கெட்டுவிடும்.

இனி அடிப்படை விஷயம். உங்கள் கடிதம் முழுக்க மூன்று ஏக்கர் பற்றியே பேசுகிறது. மூன்று ஏக்கரைச் சதுரமாக வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 110 மீட்டர்தான் வரும். போட்டிகளில் ஒரு விமானத்தின் முழுக் கணக்குப் பறப்பு, அதாவது 'மேக்ஸ்', 180 நொடி. காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் அடித்தால் நொடிக்கு 5 மீட்டர். மூன்று நிமிடத்தில் 900 மீட்டர் போய்விடும். தெர்மல், அதாவது வெயிலில் சூடாகி மேலெழும் காற்று, கிடைத்தால் அதற்கும் மேலே. ஆக, நீங்கள் அனுமதி வாங்கியிருப்பது கிளம்பும் இடத்துக்கு மட்டும்தான். இறங்கும் இடத்துக்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவே இல்லை. காற்று போகும் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு யார் யார் நிலம் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள்தான். இவர் முதலில் வாய் திறந்தவர், அவ்வளவே.

ஜூலையில் ஏன் இவர் வயலில் விழுந்தது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் பக்கம் காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அது கிழக்கே தள்ளும். அதே சமயம் செங்கல்பட்டு வட்டாரத்தில் சொர்ணவாரிப் பருவத்து நெல் கதிர் பிடித்து நிற்கும் காலம். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு ஆள் வயலில் நடந்து போய்த் திரும்பினாலே தடம் தெரியும். சாய்ந்த கதிர் எழுந்திருக்காது, ஈரம் பட்டால் முளைத்துவிடும். நாற்று நட்ட புதிதில் நடப்பதும் இதுவும் ஒன்றல்ல. மாறாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று விமானத்தைத் தென்மேற்காகத் தள்ளும். அப்போது இவருக்கு உங்களால் தொந்தரவே இருக்காது. வேறொருவருக்கு இருக்கும். எனவே கிராம நிலப்படத்தின் ஒரு பிரதியில் உங்கள் இடத்தை நடுவில் குறித்து, எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் யார் நிலம், அதில் அப்போது என்ன பயிர் என்று எழுதி வையுங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்று சாகுபடிப் பட்டமும் (பருவமும்) அதில் இருக்கட்டும். கிளப்புக்கு இதைவிட முக்கியமான காகிதம் கிடையாது. சொர்ணவாரி அறுவடை முடியும்வரை கிழக்கே விமானம் போகும் நாட்களில் பறக்காதீர்கள். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலில் இறங்கினால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அடுத்தது டி.டி., அதாவது டீதெர்மலைசர். குறித்த நேரத்தில் வால் இறக்கையைச் சட்டென்று மேலே தூக்கி விமானத்தைத் தட்டையாக இறக்கும் அந்த அமைப்பை உங்கள் ஆட்கள் போட்டிக்கு வைப்பதுபோலவே பயிற்சிக்கும் வைப்பார்கள். அதுதான் கோளாறு. சூரியன் ஏறுவதற்கு முன் காற்று நொடிக்கு 2 மீட்டர் என்று வையுங்கள். 45 நொடிக்கு டி.டி. வைத்தால் 90 மீட்டர். இறங்க இன்னொரு 20 நொடி, அதில் 40 மீட்டர். மொத்தம் 130. காற்று வரும் பக்கத்து ஓரத்தில் நின்று விட்டால் வேலியைத் தாண்டினாலும் அடுத்த வயலின் ஓரத்தோடு நின்றுவிடும். மூன்று நிமிடப் பறப்பு வேண்டுமென்றால் சுற்றிலும் அறுவடை முடிந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று கிளம்பிய பிறகு, குறிப்பாகக் கோடையில் கடற்காற்று உள்ளே வர ஆரம்பித்த பிறகு, கடையைக் கட்டிவிடுவது நல்லது. அதுவரை மேற்கிலிருந்து வந்த காற்று திசை மாறும் நேரத்தில் விமானம் எங்கே போகும் என்று பழைய கைகளே சொல்ல மாட்டார்கள்.

டி.டி.க்குத் திரி வைக்கிறவர்கள் யாராவது கிளப்பில் இருக்கிறார்களா? மெதுவாகப் புகைந்துகொண்டே போய் ரப்பர் வளையத்தை அறுக்கும் பருத்தித் திரி. இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வைக்கோல் போர் மேல் ஒரு திரி நுனி விழுந்தால் மேலே சொன்ன எந்தச் சமரசமும் உதவாது. திரி நுனியை அணைக்க அலுமினியக் குழாய் இருக்கிறதே என்பார்கள். குழாயிலிருந்து நழுவாத திரி எது? டைமருக்கு மாறிவிடுங்கள்.

சரி, அவரிடம் எப்படிப் பேசுவது? ஞாயிற்றுக்கிழமை, விமானங்களோடு, கூட்டமாகப் போகாதீர்கள். வாரநாளில் வயதில் மூத்த இருவர் போகட்டும். ஊரில் அவர் மதிக்கும் ஒருவரை, ஊராட்சி உறுப்பினரோ பால் சொசைட்டிக்காரரோ, கூட வைத்துக்கொள்ளுங்கள். முதல் வார்த்தை விமானத்தைப் பற்றி இருக்கக் கூடாது. "பயிரில் இறங்கியது எங்கள் பையன்கள் தப்புங்க, எவ்வளவு பாழாச்சுன்னு சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். நடந்துபோன தடத்தை அவரே காட்டட்டும், கூடப் போய் வரப்பில் நின்று பாருங்கள். ஐயாயிரம் பெரும்பாலும் கோபத்தில் சொன்ன கணக்கு. பயிரைப் பார்த்துப் பேசும்போது தானாகக் குறையும். குறையாவிட்டாலும் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து. ஒரு நல்ல ரப்பர் விமானத்துக்கு ஆகும் கார்பன் குழாய், பால்சா, மாதக்கணக்கான கை வேலையோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். விழும் விமானத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். அப்படிப் பேசினால் அடுத்த மாதம் ஊர்ச் சிறுவர்கள் விமானத்தைத் துரத்தி ஓடிப் பயிரை மிதிப்பார்கள், கணக்கு உங்கள் மேல் எழுதப்படும். ஒரு சாகுபடிப் பட்டத்துக்கு ஒரு தொகை என்று முன்கூட்டியே கொடுங்கள். கூடவே, விழுந்ததை எடுத்துத் தரும் வேலையை அவர் வீட்டு ஆளிடமே கொடுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை ஒருவருக்கு அரை நாள் கூலி. எந்த வரப்பு தாங்கும், எங்கே மடை திறந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். உங்கள் ஆட்கள் எல்லைக் கல்லோடு நின்றுவிட வேண்டும். மோட்டார் பைக் வரப்பில் ஏறவே கூடாது. ஒவ்வொரு விமானத்தின் இறக்கையிலும் கிளப் பெயரும் தொலைபேசி எண்ணும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சின்ன பஸ்ஸர் ஒன்றும் வையுங்கள். தேடுகிற நேரம் குறைந்தால் மிதிபடும் பயிரும் குறையும்.

இதற்கு முன் அம்பத்தூர்க்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: பக்கத்து நிலத்துக்காரர் உங்களுக்குப் பங்காளியா? கேட்கச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. அடுத்தடுத்த சர்வே எண் என்றால் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்து நிலமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் முள் உங்களுக்காகப் போடப்பட்டதாக இருக்காது. அண்ணன் தம்பி பாகத் தகராறில் நீங்கள் சாக்கு. அரசின் இ-சேவைகள் தளத்தில் பட்டாவை எடுத்துப் பாருங்கள், கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்கள் சம்மதமும் வேண்டும். பதிவுத் துறையில் வில்லங்கச் சான்றும் எடுங்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் நேற்று தரிசாக இருந்தது இன்று மனைக்கல் நட்ட லேஅவுட்டாக நிற்கிறது. விற்பனை ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்கள் அனுமதிக்கு ஆயுள் அதிகமில்லை.

ஆயுள் என்றதும் வாய்ப்பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி உங்களிடம் இருப்பது உரிமம் மட்டும். 1882-ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டத்தின்படி நிலத்துக்காரர் இதைப் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், நிலத்தை விற்றால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. எழுத்தில் வாங்கச் சொன்னால் நிலத்துக்காரர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை விட்டால் நிலம் திரும்பாது என்ற பயம். அந்தப் பயத்தைப் பத்திரத்திலேயே போக்கிவிடலாம். சாகுபடி செய்ய மாட்டோம், கட்டடம், வேலி, கொட்டகை எதுவும் போட மாட்டோம், ஞாயிறு காலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை மட்டும், பதினொரு மாதத்துக்கு, இன்ன சர்வே எண் என்று எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு கட்டாயம், அதனால்தான் பதினொரு மாதம். கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிந்திருந்தால் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுகிறவர் தலையில்தான் எல்லாம் விடியும்.

பாதைக்கு வருவோம். புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (எந்தச் சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்ற கிராமப் பதிவேடு) எடுத்து, அந்த வண்டிப்பாதை தனிச் சர்வே எண்ணில் புறம்போக்காக இருக்கிறதா, அவருடைய பட்டாவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். புறம்போக்கு என்றால் யாரும் அடைக்க முடியாது. வட்டாட்சியரிடமும் ஊராட்சியிலும் மனு கொடுக்கலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். எல்லையே சந்தேகம் என்றால் 'எஃப் லைன்' அளவைக்குப் பணம் கட்டி நில அளவரை வரவழைக்கலாம். அவருடைய பட்டாவுக்குள் வந்தால் கதை வேறு. இருபது ஆண்டு தடையில்லாமல் உரிமையாகப் பயன்படுத்தியிருந்தாலோ, வேறு வழியே இல்லாவிட்டாலோ வழியுரிமை கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். ஞாயிறுதோறும் வந்துபோகும் உங்களுக்கு அந்த உரிமை பிறக்காது. மனுவானாலும் அளவையானாலும் அம்பத்தூர்க்காரர் கையெழுத்து இல்லாமல் நகராது. "நீங்களே பேசிக்கோங்க" என்று அவர் ஒதுங்கினால் அந்த இடத்தை விட்டுவிடுவதே மேல்.

அதற்கு மாற்றாக வறண்ட ஏரிக்குள் போய்ப் பறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், மேய்க்கால் புறம்போக்கு என்றும் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். அங்கே மாடு மேய்ப்பவர்களின் உரிமை உங்கள் பொழுதுபோக்கைவிட மூத்தது. ஊர் முழுக்க எதிராளியாகிவிடும்.

காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய ஒரு காரியமும் இருக்கிறது, புகாருக்காக அல்ல. ரிமோட் இல்லை என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் பார்க்கிறவர்களுக்குப் பறப்பதெல்லாம் ட்ரோன்தான். தெற்கே கல்பாக்கம், வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளம், மீனம்பாக்கம். நிலத் தகராறில் தோற்கிறவர் கையில் கடைசியாக இருக்கும் ஆயுதம் "இங்கே யாரோ ட்ரோன் விடுறாங்க" என்ற ஒரு போன். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு விமானத்தையும் கையில் எடுத்துப்போய் ஆய்வாளரிடம் காட்டி, நாள், நேரம், பொறுப்பாளர் பெயரோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் விமானங்களைத் தர மறுத்தால், நோட்டீஸ் அனுப்புமுன் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், செலவில்லை, அங்கே எழுதும் சமரசத்தை மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்தால் தீர்ப்புக்குச் சமம். அந்தச் சமரசத்தில் பட்டத்துக்கான தொகை, எடுத்துத் தரும் ஆளின் கூலி, கிழக்கே பறக்காத மாதங்கள் மூன்றையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.