காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். 12 வயது மகனுக்கு (34 கிலோ) ஒரு சனிக்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை இரத்தம் சோதித்ததில் டெங்கு என்றார்கள். பிளேட்லெட் 142,000. அடுத்த நாளும் சோதிக்கச் சொன்னார்கள். புதன் காலை காய்ச்சல் விட்டு, பிள்ளை எழும்பி டீவி பார்த்தான். அதனால் சோதிக்கவில்லை. வியாழன் டியூஷனுக்கும் அனுப்பினேன். மாலையில் வயிற்றுநோ, இரண்டு தரம் சத்தி, கை கால் எல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிளேட்லெட் 38,000. ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. அங்கே பிளேட்லெட் ஏற்றவும் இல்லை, அன்டிபயோட்டிக் தரவும் இல்லை. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். ஏன்? பப்பாசி இலைச் சாறு கொடுத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்கிறார் மாமி. மகனுடைய தட்டையும் கோப்பையையும் வேறாக வைத்திருக்கிறார். 8 வயது மகளுக்கும் (22 கிலோ) தொற்றுமா? மகனோ சனிக்கிழமை கிரிக்கெட் பிராக்டிஸுக்குப் போவேன் என்று நிற்கிறான்.
- ஒரு தாய், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில், டியூஷனுக்கு அனுப்பியதால் பிள்ளைக்குக் கூடிவிட்டது என்று நினைத்து உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். அன்று கட்டிலிலேயே படுத்திருந்தாலும் அது வந்திருக்கும். பிசகியது ஓர் இடத்தில்தான்: புதன்கிழமை செய்திருக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. தடிமன் காய்ச்சலுக்கு அது சரி. டெங்குவில் அந்தக் கணக்கு பிழைத்துவிடும்.

டெங்கு வைரஸ் உடம்பில் பெருகும் முதல் சில நாட்களில் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு உளைவு எல்லாம் இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்து பெரும்பாலும் அப்போது இல்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும், அந்த நேரம் பார்த்து மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி வெளியே வந்து வயிற்றுக்குள்ளும் நெஞ்சறைக்குள்ளும் தேங்குகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை இருக்கும், பிறகு தானாக நின்றுவிடும். உங்கள் மகனுக்கு வியாழன் மாலை வந்த வயிற்றுநோவும் சத்தியும் குளிர்ந்த கைகளும் இந்தக் கசிவுதான். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இரத்த அழுத்தம் விழுகிற நிலையிலும் பிள்ளை தெளிவாகக் கதைத்துக்கொண்டிருக்கும். 'நல்லாத்தானே கதைக்கிறான்' என்று வீட்டில் வைத்திருந்து பிந்தி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்காதீர்கள், கையைத் தொட்டுப் பாருங்கள்.

வார்டில் அடிக்கடி விரல் நுனியில் குத்தி ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்திருப்பார்களே? அதை மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி நிற்கும், மேலே இளமஞ்சள் நீர் தெளியும். குழாயில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பு என்பதுதான் பிசிவி. அடுப்பில் தண்ணீர் வற்றினால் குழம்பு தடிப்பதுபோல, நீர் கசியக் கசிய இந்த எண் ஏறும். செவ்வாய்க்கிழமை 38 இருந்தது வியாழன் 46 ஆகியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, கசிவு நடக்கிறது என்று அர்த்தம். மொபைலில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணைத்தான் அனுப்பி விசாரிப்பார்கள். வார்டில் நாங்கள் கூடுதலாகப் பார்ப்பது இந்த எண்ணையும், நாடித்துடிப்பையும், எத்தனை மில்லிலீற்றர் சலம் போனது என்பதையும்தான்.

பிளேட்லெட் ஏற்றாதது கவனக்குறைவு அல்ல. வெளியிலிருந்து ஏற்றும் பிளேட்லெட்டும் உடம்புக்குள் போய் அதே வேகத்தில் அழியும். அதோடு போகும் திரவம்தான் மிச்சம். நோய் இறங்கும்போது எண்ணிக்கை தானாக ஏறும். கடுமையாக இரத்தம் போனால்தான் கதை வேறு. அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்கான மருந்து. டெங்கு வைரஸ் அதற்கு அசையாது. தண்ணீரை அளந்தது ஏன்? குறைந்தால் இரத்த ஓட்டம் படுத்துவிடும். கூடினால், கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் திரும்ப இரத்தத்துக்குள் வரும்போது நுரையீரல் நிரம்பி மூச்சு முட்டும். டெங்குவுக்கு இன்னும் நேரடி மருந்து இல்லாதபோதும் பெரும்பாலானவர்கள் பிழைத்து வீடு போவது இந்த அளவு பார்க்கும் வேலையால்தான். 2017இல் இந்த நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு என்று பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருடம் வார்டில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாயில் படுத்திருந்தவர்களின் பக்கத்திலும் ஒரு அளவுப் போத்தலும் ஒரு தாளும் இருந்தன. எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனது என்று ஒவ்வொரு மணித்தியாலமும் எழுதினோம்.

இனி மகள். தட்டு, கோப்பை, துவாய், பக்கத்தில் படுப்பது, இவற்றால் டெங்கு தொற்றாது. மாமியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், தட்டை அவனுடைய பழைய இடத்திலேயே வைக்கட்டும். ஆனால் அவர் சந்தேகப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. காய்ச்சல் இருந்த நாட்களில் அவனைக் கடித்த நுளம்புக்குள் வைரஸ் போயிருக்கும். அது பெருகி அடுத்தவருக்குக் கொடுக்கும் நிலைக்கு வர 8 முதல் 12 நாள், கடித்த பிறகு காய்ச்சல் தொடங்க 4 முதல் 10 நாள். ஆகவே மகனுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து சுமார் நாலு கிழமை மகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். அடுத்த முறை யாருக்கு வந்தாலும் காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். இந்த நுளம்பு கடிப்பது காலையிலும் பின்நேரத்திலும்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்: 22 கிலோவுக்கு 500 மில்லிகிராம் குளுசையில் பாதி, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் முழுதாக இறங்கவில்லையே என்று இடையில் இன்னொன்று கொடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இபுபுரூஃபன், அஸ்பிரின், மெஃபெனமிக் அசிட், ஆசனவாயில் வைக்கும் டைக்ளோஃபெனக் எதுவும் கூடாது. வயிற்றில் இரத்தம் கசிய வைப்பவை இவை. பார்மசியில் 'காய்ச்சல் சட்டென்று இறங்கும்' என்று தந்தாலும் வாங்காதீர்கள். குடிப்பதற்குக் கஞ்சி, ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்), செவ்விளநீர், பழச்சாறு, எது இறங்குகிறதோ அது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. அவளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லீற்றர். ஒரேயடியாகக் கொடுத்தால் சத்தி எடுப்பாள். மணிக்கு ஒரு யோகட் கப் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக வரும். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா நெக்டோவா என்று நாங்கள் குழம்புவோம்.

மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை கட்டாயம். பிளேட்லெட் எண்ணிக்கை இறங்கினால் காய்ச்சல் விட்டாலும் தினமும். 100,000க்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரி. அதற்கு முன்பே வயிற்றுநோ, விடாத சத்தி, எழும்பினால் தலைசுற்று, அசாதாரண தூக்கம் அல்லது எரிச்சல், மூக்கில் முரசில் இரத்தம், கறுப்பு மலம், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமல் இருத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவு என்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல என்பதும் உண்மை. இருமல் சளியோடு வீடு முழுக்கப் படுத்தால் இன்ஃப்ளூயென்ஸாவாக இருக்கலாம். வெள்ளத்திலோ கானிலோ கால் வைத்தவருக்குக் கெண்டைக்கால் நோவும் சிவந்த கண்ணும் இருந்தால் எலிக்காய்ச்சல். அதற்கு அன்டிபயோட்டிக் உண்டு, பிந்தினால் சிறுநீரகம் போகும். ஒரு கிழமை தாண்டியும் காய்ச்சல் நின்றால் நெருப்புக்காய்ச்சலையும் (டைபொயிட்) யோசிக்க வேண்டும். மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் நமக்குச் சான்று கிடைத்தது. ஆனாலும் அண்மையில் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்திருந்தால் கேட்காமலே டொக்டரிடம் சொல்லுங்கள்.

பப்பாசி இலைச் சாறு. மாமியோடு சண்டை வேண்டாம், ஆனால் என் கருத்து இதுதான்: கசிவை அது நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, அந்தக் கசப்பில் பிள்ளை குடித்த கஞ்சியையும் சத்தி எடுத்துவிடும். பழமாகக் கொடுங்கள், தாராளமாக.

ஐந்தாம் மாடி என்பது பாதுகாப்பு இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும், இழுத்துப் பாருங்கள். அதில் தேங்கிய ஒரு விரல் நீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிவதை நான் என் வீட்டிலேயே கண்டு வெட்கப்பட்டிருக்கிறேன். ஏசி தண்ணீர் விழும் வாளி, மணி பிளான்ட் போத்தல், பாவிக்காத பாத்ரூமின் கான் துளை, மொட்டைமாடித் தாங்கி. தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய்த் தும்பால் உரசிக் கழுவ வேண்டும், கிழமைக்கு ஒரு தரம்.

மகனுக்கு இப்போது உள்ளங்கையும் காலும் அரித்தால், சிவந்த தோலில் வெள்ளைத் தீவுகள்போலப் புள்ளிகள் இருந்தால் பயப்படாதீர்கள், தேறுவதன் அடையாளம். டெங்கு வைரஸில் நாலு வகை இருக்கிறது. அவனுக்கு வந்த வகை இனி வராது, மற்ற மூன்றும் வரலாம், இரண்டாம் தரம் கடுமையாக இருக்க வாய்ப்புக் கூட. ஆகவே ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டை (நோய் விவர அட்டையை) பத்திரமாக வையுங்கள்.

கிரிக்கெட்? இந்தச் சனி இல்லை. பிளேட்லெட் வழமைக்கு வந்துவிட்டது என்று ஒரு ரிப்போர்ட் எடுங்கள், மாடிப்படி ஏறி இளைக்காமல் வரட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை ஸ்கோர் எழுதப் போகட்டும், நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.