வண்டி தொல்லை இல்லாம கிராமத்துப் பக்கம் நிதானமா சைக்கிள் ஓட்றதுன்னா என்ன, புதுச்சேரில எங்க ஓட்டலாம்?

ரேஸோ டைமிங்கோ இல்ல, பஸ் லாரி அதிகம் வராத வழில பக்கத்துல வர்றவங்களோட பேசிக்கிட்டே போற வேகத்துல ஓட்றது, அவ்ளோதான். மணிக்கு 12லேர்ந்து 15 கிலோமீட்டர் போதும்.

ஏன் மெதுவா போனா இவ்ளோ சுகமா இருக்குன்னா, காத்து. வேகம் 2 மடங்கானா காத்து தள்ற விசை 4 மடங்காகுது. முழங்கால் தண்ணில நடந்து பாருங்க, மெதுவா நடந்தா ஒண்ணும் தெரியாது, ஓடப் பாத்தா கால இழுக்கும், அதே கததான் இங்கயும்.

இடம்னு கேட்டா நான் பாகூர் பக்கம்தான் சொல்லுவேன். கடலூர் மெயின் ரோட்டுல ஓட்டவே ஓட்டாதீங்க, அதுல பஸ்ஸுக்கு ஒதுங்கியே நிம்மதி போயிடும், உள்ள திரும்பிட்டா நெல் வயலும் வாய்க்காலுமா வேற உலகம். தென்பெண்ணைத் தண்ணி பங்காரு வாய்க்கால் வழியா பாகூர் ஏரிக்கு வருது. தண்ணி மட்டம் ஒண்ணா இருக்கும்ல, அதனால அத தேக்குற ஏரிக்கரையும் மேடு பள்ளம் இல்லாம ஒரே மட்டமாத்தான் போட்ருப்பாங்க, வாய்க்கால் ஓரமும் சரிவே தெரியாது, வயசானவங்ககூட மூச்சு வாங்காம மிதிக்கலாம். ஊசுட்டேரியும் நல்லாருக்கும், குளிர்காலத்துல வெளியூர் பறவைங்க வரும். விடிகாலைல கெளம்புங்க, வெயில் ஏறிட்டா நெழல் கம்மி.

நெறைய பேர் இதுக்கு கியர் சைக்கிள் வாங்கியே ஆகணும்னு நெனச்சு தள்ளிப்போட்றாங்க, இந்த சமதரைக்கு பிரேக் ஒழுங்கா பிடிக்கிற சாதா சைக்கிளே போதும்.