டோல்னி வியெஸ்டோனிட்சே: செக் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறும் நிலவியலும் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, இந்த ஊர் செக் நாட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது? நிலப்படத்தில் தேடிப் பார்த்தும் எளிதில் கண்ணில் படவில்லை.

பதில்: தெற்கு மொராவியாவில், பிர்னோ நகருக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய பகுதியில் தேடுங்கள். டியே ஆற்றில் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்களின் தென்கரையில், பாலவா குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் இவ்வூரில் ஏறத்தாழ முந்நூறு பேரே வாழ்கிறார்கள். பெரிய நகரமான பிர்னோவையும் எல்லையோர நகரமான மிகுலோவையும் முதலில் கண்டுகொண்டு, இரண்டுக்கும் நடுவே நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பைப் பிடித்துவிட்டால், ஊர் அதன் கரையிலேயே இருக்கும்.

கேள்வி: அங்கே மண்வளம் எப்படி? திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதி என்று படித்தேன்.

பதில்: பாலவா குன்றுகள் ஜுராசிக் காலக் கடலடியில் உருவான சுண்ணாம்புக்கல்லால் ஆனவை, அவற்றில் உயரமான டெவின் சுமார் 550 மீட்டர் உயரம் கொண்டது. குன்றின் சரிவுகளிலோ, பனியுகத்தில் காற்று அள்ளிக்கொண்டு வந்து படியவைத்த லோயஸ் என்னும் மென்மையான மஞ்சள் மண் தடிப்பாகக் கிடக்கிறது. செக் நாட்டிலேயே வெப்பமும் வறட்சியும் மிகுந்த பகுதிகளில் இதுவும் ஒன்று என்பதால், இந்த மண்ணில் திராட்சை செழிக்கிறது. குன்றின் பெயரையே தாங்கிய ‘பாலவா’ என்ற வெள்ளைத் திராட்சை வகையும் உண்டு. இந்த லோயஸ் மண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் கதையில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

கேள்வி: வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். மாணவர்கள் ‘வியெஸ்டோனிட்சே வீனஸ்’ பற்றிக் கேட்கிறார்கள். எப்போது, எப்படிக் கிடைத்தது? ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதப்படுகிறது?

பதில்: கரேல் அப்சொலோன் என்ற ஆய்வாளரின் தலைமையில் 1924இல் இங்கே முறையான அகழாய்வு தொடங்கியது. மறு ஆண்டு, 1925 ஜூலை 13 அன்று, பழைய அடுப்பின் சாம்பல் படிவுக்குள் இரண்டு துண்டுகளாக உடைந்த நிலையில், வீனஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சிறு பெண்ணுருவம் கிடைத்தது. உயரம் 11 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். முகத்தில் கண்களைக் குறிக்கும் இரண்டு சாய்ந்த கீறல்களும், உச்சந்தலையில் நான்கு சிறு துளைகளும், முதுகில் ஆழமாக இழுக்கப்பட்ட கோடுகளும் தெரிகின்றன. மாமத யானைகளை (அடர்ந்த மயிர் கொண்ட, இன்று அழிந்துபோன யானையினம்) வேட்டையாடி வாழ்ந்த மக்கள், ஏறத்தாழ முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன், லோயஸ் மண்ணைப் பிசைந்து உருவாக்கி நெருப்பில் சுட்டது அது. உலகில் சமையல் பானைகள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண்ணைச் சுட்டால் இறுகும் என்று மனிதர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுடப்பட்ட களிமண் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. சிங்கம், கரடி, காண்டாமிருகம் ஆகியவற்றின் உருவங்களும் அவற்றுள் அடங்கும். சில துண்டுகளில் முறுக்கிய நாரும் பின்னிய துணியும் பதிந்த தடங்கள் தெரிவதால், அம்மக்கள் நெசவையும் ஓரளவு அறிந்திருந்தனர் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மாணவர்களிடம் தவறாமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2004இல் நடந்த ஆய்வில், சுடுவதற்கு முன் ஈரமாக இருந்தபோது அந்த உருவத்தில் பதிந்த ஒரு விரல்ரேகை கண்டறியப்பட்டது. அது ஏழு முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையுடையது என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பிள்ளையே செய்ததா, பெரியவர் செய்ததை எடுத்துப் பார்த்ததா என்று வகுப்பில் விவாதிக்கவிடுங்கள். நூறு தேதிகளை மனப்பாடம் செய்வதைவிட அதில் பயன் அதிகம்.

கேள்வி: எலும்புக்கூடுகளும் கிடைத்தனவாமே?

பதில்: ஆம். சுண்ணாம்பு கலந்த லோயஸ் எலும்பை அரிக்காமல் காக்கும் தன்மை கொண்டது. 1949இல், மாமத யானையின் தோள்பட்டை எலும்புகளால் மூடப்பட்டிருந்த ஒரு பெண்ணின் புதைகுழி வெளிப்பட்டது. 1986இல் மூன்று இளைஞர்கள் அருகருகே கிடத்தப்பட்ட குழி ஒன்று கிடைத்தது; நடுவில் இருந்தவருக்கு எலும்புக் குறைபாடு இருந்தது. அவர் பெண்ணாக இருக்கலாம் என்று நெடுங்காலம் வாதிட்டனர். 2016இல் வெளியான மரபணு ஆய்வு மூவரும் ஆண்கள் என்று காட்டியது.

கேள்வி: இரண்டாம் உலகப் போர் இந்த ஊரைப் பாதித்ததா?

பதில்: மிகவும் பாதித்தது. ஊர் மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1938ஆம் ஆண்டின் மூனிச் உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பைச் சேர்ந்த ஆய்வுக்குழு ஒன்று இங்கே அகழாய்வும் நடத்தியது. 1945இல் போரின் இறுதி நாட்களில் மிகுலோவ் கோட்டை எரிந்தபோது, பாதுகாப்புக்காக அங்கே வைக்கப்பட்டிருந்த அரிய தொல்பொருட்கள் பல சாம்பலாயின. மீட்க முடியாத அந்த இழப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். போருக்குப் பின் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டு, செக் குடும்பங்கள் குடியேறின. எனவே இன்றைய ஊர்க்காரர்களில் பலருக்கு இந்த மண்ணில் மூன்று அல்லது நான்கு தலைமுறைத் தொடர்பே உண்டு.

கேள்வி: நீர்த்தேக்கம் கட்டியதில் ஊர் ஏதும் மூழ்கியதா?

பதில்: வெள்ளத் தடுப்புக்காகவும் பாசனத்துக்காகவும் 1970களிலும் 80களிலும் டியே ஆற்றில் நோவே மிலினி என்ற பெயரில் மூன்று நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அவற்றுக்காக, அக்கம்பக்கத்து ஊரான முஷோவ் காலி செய்யப்பட்டு இடிக்கப்பட்டது. அங்கிருந்த புனித லியோனார்ட் தேவாலயம் மட்டும் நடு நீர்த்தேக்கத்தில் ஒரு தீவின் மேல் இன்றும் நிற்கிறது. ஆற்றோரக் காடுகளும் புல்வெளிகளும் நீருக்குள் போயின. டோல்னி வியெஸ்டோனிட்சே தப்பியது. மேலே சொன்ன மூவர் புதைகுழி வெளிப்பட்டதும், அணைக்காக லோயஸ் மண்ணைத் தோண்டியபோது நடத்தப்பட்ட மீட்பு அகழாய்வில்தான்.

கேள்வி: அடுத்த கோடையில் அங்கே செல்ல எண்ணியுள்ளேன். வீனஸை ஊரிலேயே பார்க்கலாமா?

பதில்: மூலச் சிற்பம் பிர்னோவிலுள்ள மொராவிய அருங்காட்சியகத்துக்கு உரியது. எளிதில் உடையக்கூடியது என்பதால் எப்போதாவதுதான் காட்சிக்கு வைக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். பக்கத்து ஊரான பவ்லோவில் 2016இல் திறக்கப்பட்ட தொல்லியல் காட்சியகம் பெரும்பாலும் நிலத்தடியில் அமைந்துள்ளது. அதற்குக் குறைந்தது அரைநாள் ஒதுக்குங்கள். அதன் பின், வெயில் தாழ்ந்ததும், டெவின் குன்றின் பாதையில் டெவிச்கி கோட்டைச் சிதைவு வரை ஏறிச் சென்றால், அகழாய்வு நடந்த சரிவும் திராட்சைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும் ஒருசேரத் தெரியும்.